ஏற்காடு லேபில் நான்காவது வருடம்: ஃப்ரீஐபிஏவுக்கு சர்வரைத் தயார் செய்த அனுபவம்

ஏற்காட்டில் விடுதியோடு சேர்ந்த ஒரு பள்ளியின் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொள்கிறேன். வீடு சேலம் அஸ்தம்பட்டியில். வாரத்தில் மூன்று நாள் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி இறங்குவேன். அறுபது லினக்ஸ் கணினி, ஒவ்வொன்றிலும் தனித்தனிக் கணக்கு என்று அல்லாடியபின், 2022 கோடை விடுமுறையில் ஒரு சர்வரில் ராக்கி லினக்ஸ் 8 போட்டு, எல்லாக் கணினிகளின் கணக்குகளையும் ஒரே இடத்தில் வைத்து நிர்வகிக்கும் ஃப்ரீஐபிஏ மென்பொருளை அதில் நிறுவினோம். நிறுவ அரை மணி நேரம்தான் ஆனது. சர்வரைத் தயார் செய்ய இரண்டு நாள் போனது. அந்த இரண்டு நாளில் ஒழுங்காகச் செய்தது எதுவும் இன்றுவரை தொந்தரவு தரவில்லை. கவனிக்காமல் விட்டது திரும்பி வந்தது.

பெயரில்தான் முதலில் மாட்டினேன். சோதனைக்குப் போட்டபோது டொமைன் பெயரை '.லோக்கல்' என்று முடித்திருந்தேன். உபுண்டு லேப்டாப்புகளுக்கு சர்வர் கண்ணிலேயே படவில்லை. அந்த முடிவு, ஒரே நெட்வொர்க்கில் இருக்கும் கணினிகள் தங்களுக்குள்ளேயே பெயரைக் கேட்டுக்கொள்ளும் எம்டிஎன்எஸ்ஸுக்கு ஒதுக்கப்பட்டது. உபுண்டு, பெயருக்கு ஐபி முகவரி சொல்லும் டிஎன்எஸ்ஸிடம் கேட்காமலே 'அப்படி ஒன்று இல்லை' என்று சொல்லிவிடும். சரி, பெயரை மாற்றலாம் என்று பார்த்தால், டொமைன் பெயரை ஒட்டி வைக்கும் ரெல்ம் பெயரை (கணக்குகள் அடங்கும் எல்லையின் பெயர்) நிறுவிய பிறகு மாற்ற வழியே கிடையாது. மொத்தத்தையும் அழித்துவிட்டு, பள்ளியின் சொந்த டொமைனுக்குக் கீழே ஒரு துணை டொமைன் வைத்து மறுபடி ஆரம்பித்தேன். பெயரை மட்டும் ஒரு நாள் தள்ளிப்போட்டாவது யோசித்து வையுங்கள்.

எந்தப் பெயருக்கு எந்த ஐபி என்று எழுதிவைக்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பில் சர்வரின் முழுப்பெயர் அதன் நிலையான ஐபிக்கு நேராக இருக்க வேண்டும். கணினி தன்னையே குறிக்கும் 127.0.0.1 வரியில் அந்தப் பெயர் இருந்தால் இன்ஸ்டாலர் அங்கேயே நின்றுவிடும். ஐபிவி6-ஐ அணைக்கச் சொல்லி நிறையப் பேர் சொல்வார்கள், கேட்காதீர்கள். முகவரி தராவிட்டாலும் கர்னலில் அது இயங்கியாக வேண்டும். ரேம் குறைந்தது 4 ஜிபி கொடுங்கள், சான்றிதழ் வேலையைப் பார்க்கும் டாக்டேக் ஜாவாவில் ஓடுவது, நன்றாகவே தின்னும். ஃபயர்வாலில் 80, 443, 389, 636 போர்ட்டுகளுக்கு டிசிபி மட்டும் போதும். உள்ளே நுழைபவர் யார் என்று சரிபார்க்கும் கெர்பெராஸின் 88, 464 இரண்டுக்கும் யுடிபியையும் சேர்த்துத் திறக்க வேண்டும்.

நான் கோட்டை விட்டது நேரத்தில். கெர்பெராஸுக்கு இரண்டு கடிகாரங்களுக்கு இடையே ஐந்து நிமிடம் வரைதான் பொறுமை. கடிகாரத்தைச் சரியாக வைக்கும் குரோனி நிரல் இணையத்திலிருந்து நேரம் எடுத்துக்கொள்கிறது, அது போதும் என்று இருந்துவிட்டேன். இரண்டாம் வருடம் மே மாதத்தில் ஒரு ராத்திரி இடி மின்னலோடு மழை. கரண்ட் போனது, யுபிஎஸ்ஸும் தீர்ந்தது, மலைப்பாதையில் மரம் விழுந்து கேபிள் அறுந்தது. காலையில் லேப் உதவியாளர் போனில், "அண்ணா, யாரோட பாஸ்வேர்டையும் ஏத்துக்க மாட்டேங்குது" என்றார். மேலே போய் சர்வரில் தேதி பார்த்தால் பல மாதம் பின்னால் நிற்கிறது. மதர்போர்டில் இருந்த காசு அளவு பேட்டரி, சிஆர்2032, செத்துப்போயிருந்தது. நேரம் கேட்க இணையமும் இல்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை வைத்து, சேவைகளை மறுபடி தொடங்கிய பிறகுதான் பிள்ளைகள் உள்ளே போக முடிந்தது.

அன்றைக்கே குரோனி அமைப்பில் 'லோக்கல் ஸ்ட்ராட்டம் 10' வரியைச் சேர்த்து (இணையம் இல்லாவிட்டாலும் தன் கடிகாரத்தை வைத்தே மற்றவற்றுக்கு நேரம் கொடுக்கச் சொல்வது), லேப் நெட்வொர்க்குக்கு அனுமதி கொடுத்து, எல்லாக் கணினியும் இந்த சர்வரிடமே நேரம் கேட்கும்படி செய்தேன். இணையம் போனாலும் அறுபதும் ஒரே நேரத்தில் ஓடும். முதல் நாளே செய்திருக்க வேண்டியது, ஐந்து நிமிட வேலை.

அப்புறம் இன்னொரு கட்டடத்தில் ஒரு ரெப்ளிகா, அதாவது இதே தகவல்களை வைத்திருக்கும் இரண்டாவது சர்வர், வைத்தோம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை காலாவதியாகும் சான்றிதழ்களை செர்ட்மாங்கர் என்ற நிரல் தானே புதுப்பித்துக்கொண்டது, நான் தொடவே இல்லை. பிள்ளைகள் எந்தக் கணினியில் உட்கார்ந்தாலும் ஒரே பாஸ்வேர்டு. இந்த வருடம் கோடை மழைக்கு முன்பே இரண்டு சர்வரிலும் புது பேட்டரி போட்டு, மாற்றிய தேதியை மார்க்கரால் பெட்டியின் மேலேயே எழுதி வைத்திருக்கிறேன்.