ஐந்து வருடம், ஒரு ஸ்மார்ட் டிவி, 48 விநாடி

"உங்க வீட்டு டிவி கம்பெனில 43 இன்ச் ஆஃபர்ல போட்டிருக்கான், வாங்கலாமாடா?" என்று நண்பன் கேட்டிருக்கிறான். போன வாரம்தான் எங்கள் டிவிக்கு போர்டு மாற்றினேன். கேட்பதற்கு நல்ல நேரம் பார்த்தான்.

படத்தைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். 2020 ஊரடங்கில் வாங்கியது. இன்றுவரை திரையில் ஒரு கோடு இல்லை, ஒரு புள்ளி இல்லை. சத்தமும் எங்கள் ஹாலுக்குப் போதும்.

என் சண்டையெல்லாம் அதை ஆன் செய்வதில்தான்.

இரவு படுக்கும் முன் அம்மா சுவரில் உள்ள சுவிட்சை அணைத்துவிடுவார். கேஸை மூடுவது, கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவது மாதிரி அதுவும் ஒரு வேலை. டிவியைச் செய்தவர்களோ, ரிமோட்டில் மட்டும்தான் அணைப்பார்கள், டிவி உள்ளே அரைத்தூக்கத்தில் கிடக்கும் என்று நினைத்துச் செய்திருக்கிறார்கள். அரைத்தூக்கத்திலிருந்து எழுப்பினால் மூன்று நான்கு விநாடியில் படம் வருகிறது. சுவிட்சை அணைத்துப் போட்டால் கம்ப்யூட்டர் மாதிரி முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. லோகோ, கறுப்புத் திரை, மறுபடி லோகோ. கடிகாரம் வைத்துப் பார்த்தேன், 48 விநாடி. அதன் பிறகாவது கேபிள் வருமா? வராது. முகப்புப் பக்கம் வரும், பாதித் திரைக்கு ஏதோ சினிமா விளம்பரத்தோடு. அங்கிருந்து கேபிள் பெட்டி சொருகியிருக்கும் எச்டிஎம்ஐக்குப் போவது எழுபது வயது விரல்களுக்குத் தனிப் பரீட்சை. அரசு கொடுத்த 14 அங்குல கலர் டிவி முன்பு எங்கள் வீட்டில் இருந்தது. அதையும் அம்மா தினமும் இப்படித்தான் அணைத்தார். சுவிட்சைப் போட்டதும் முதலில் சத்தம் வரும், பின்னாலேயே படமும் வந்துவிடும்.

ஆன் ஆனதும் நேராக எச்டிஎம்ஐக்குப் போக ஒரு வசதி செட்டிங்ஸில் நாலு அடுக்குக்குக் கீழே இருந்தது. தேடிப்பிடித்துப் போட்டேன். அடுத்த அப்டேட்டில் அது பழையபடி ஆகிவிட்டது. கோபத்தில் வைஃபையைத் துண்டித்தேன். மகள் யூடியூப் கேட்டாள். மறுபடி இணைத்தேன்.

ஒரே ரிமோட்டில் டிவியையும் பெட்டியையும் இயக்க சிஇசி என்ற வசதி எச்டிஎம்ஐ கேபிளுக்குள்ளேயே பல வருடமாக இருக்கிறது. சாம்சங் அதை எனிநெட் பிளஸ் என்கிறது, எல்ஜி சிம்ப்ளிங்க் என்கிறது, சோனி பிராவியா சிங்க் என்கிறது. ஒரே பிள்ளைக்கு இத்தனை பெயர் வைத்தால் யார் கூப்பிடுவது? எங்கள் கேபிள் பெட்டிக்கு இதில் எந்தப் பெயரும் தெரியாது.

சரி, அணைக்காமலே விடலாம் என்று அம்மாவிடம் கணக்குப் போட்டுக் காட்டினேன். அரைத்தூக்கத்தில் அரை வாட் என்று வைத்துக்கொண்டால், தினம் 20 மணி நேரத்துக்கு வருடம் முழுவதும் சேர்த்து நாலு யூனிட்கூட ஆகாது.

"இடி விழுந்தா உன் கணக்கு வந்து காப்பாத்துமா?" என்றார். ஆனாலும் எனக்காக விட்டுக்கொடுத்தார்.

ஒரே மாதம். ஐப்பசி மழை, ஒரு இடி, போர்டு காலி. 6,800 ரூபாய். "கேபிள் ஒயர்ல வந்து, பெட்டி வழியா எச்டிஎம்ஐல ஏறியிருக்கு சார். சுவிட்சை அணைச்சிருந்தாலும் போயிருக்கும்" என்றார் மெக்கானிக். அம்மா அதை ஒப்புக்கொள்ளவில்லை. இப்போது சுவிட்சோடு கேபிள் பின்னையும் பிடுங்கி வைக்கிறார்.

ரிமோட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதில் சினிமா ஆப்களைத் திறக்கும் பட்டன்கள் நாலு. ஒன்றுக்கும் நாங்கள் சந்தா கட்டவில்லை, ஆனால் அம்மாவின் கட்டைவிரல் சரியாக அங்கேதான் போய் நிற்கும். நாலின் மேலும் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டிவிட்டேன். ஐந்து வருடத்தில் இந்த டிவிக்கு வந்த உருப்படியான அப்டேட் அதுதான்.

இவ்வளவுக்கும் பிறகு, அந்தப் படத்துக்காகவே நண்பனுக்கு "தாராளமா வாங்குடா" என்று எழுதிக்கொண்டிருந்தேன். இன்று ஏழரை மணிக்குக் கரண்ட் போய், ரெண்டு நிமிஷத்தில் வந்தது. ஹாலிலிருந்து அம்மாவின் குரல்.

"தம்பி, சீரியல் முடியப்போகுது, மறுபடியும் சினிமா போஸ்டரா நிக்குதுப்பா. வந்து மாத்திக் குடு."

எழுதியதை அழித்துவிட்டு "வேண்டாம்டா" என்று அனுப்பிவிட்டு எழுந்து போனேன்.