அரிட்டாபட்டிக்கு ஒரு ஞாயிறு சைக்கிள் பயணம்: போய்வந்தவரின் மதிப்பீடு

மதுரையில் இயங்கும் சைக்கிள் குழு ஒன்று மாதத்துக்கொரு ஞாயிற்றுக்கிழமை, விருப்பமுள்ள எவரையும் சேர்த்துக்கொண்டு சுற்றுவட்டார ஊர்களுக்குச் சென்று வருகிறது. காலை உணவும் தண்ணீரும் உட்பட 150 ரூபாய் வாங்குகிறார்கள். சைக்கிளும் ஹெல்மெட்டும் நம்முடையவை. அண்மையில் மேலூர் பக்கத்திலுள்ள அரிட்டாபட்டிக்குச் சென்றபோது நானும் கலந்துகொண்டேன். உடற்பயிற்சி என்ற அளவில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் குழுவின் அறிவிப்பில் 'ஊருக்கும் பயன்' என்றொரு வரி இருந்தது. அந்த வரியை வைத்தே இதை மதிப்பிடுகிறேன்.

மாட்டுத்தாவணியிலிருந்து சொன்னபடியே ஐந்தரை மணிக்குப் புறப்பட்டோம். முப்பத்திரண்டு பேரும் நான்குவழிச் சாலையின் இடது ஓரத்தில் இருவர் இருவராகச் சென்றதும், முன்னால் ஒருவரும் கடைசியில் ஒருவரும் ஒளிரும் மேலங்கி அணிந்து வந்ததும், ஒத்தக்கடையில் ஒரு தன்னார்வலர் இறங்கி நின்று எல்லாரையும் கடக்கவிட்டதும் பாராட்டுக்குரியவை. தனியாக அந்தச் சாலையில் சைக்கிள் ஓட்ட எனக்குத் துணிவில்லை. யானைமலையைத் தாண்டும்போது நன்றாக விடிந்துவிட்டது.

நரசிங்கம்பட்டியில் நெடுஞ்சாலையை விட்டுக் கிராமச் சாலைக்குள் நுழைந்த சிறிது நேரத்தில், பிளஸ் டூ படிக்கும் ஒரு பையனின் சைக்கிள் பஞ்சரானது. அரசு கொடுத்த விலையில்லாச் சைக்கிள் அது. குழுவினரிடம் விலையுயர்ந்த கருவிப்பை இருந்தது. ஆனால் அதிலிருந்த டியூப் எதுவும் அந்தச் சக்கரத்துக்குச் சேரவில்லை, பம்போ கார் டயரில் இருப்பதைப் போன்ற வால்வுக்கு மட்டுமே பொருந்துவதாக இருந்தது. முன்னால் சென்றவர்கள் நிற்காமல் போய்விட்டார்கள். பையனும் கடைசியில் வந்த தன்னார்வலரும் நானும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்து, வழியில் ஒரு பெரியவரின் பஞ்சர் கடையை அடைந்தோம். அவர் டியூப்பைத் தண்ணீர்ச் சட்டியில் அமுக்கிக் குமிழி வந்த இடத்தைக் கண்டுபிடித்து ஒட்டினார். பிறகு டயரின் உட்புறம் முழுவதையும் விரலால் தடவிப் பார்த்து, ஒடிந்து தங்கியிருந்த கருவேல முள் ஒன்றைப் பிடுங்கிக் காட்டினார். "முள்ள எடுக்காம மாட்டுனா மறுபடியும் போயிரும்ல, தம்பி?" என்று கேட்டுவிட்டு, முப்பது ரூபாய் வாங்கிக்கொண்டார். அந்த ஊர்ப்பக்கத்தில் எங்கள் பயணம் செலவழித்த பணம் அன்று அவ்வளவுதான்.

ஏனெனில் காலை உணவு மதுரையிலிருந்தே வேனில் வந்திருந்தது. முப்பத்திரண்டு பொட்டலங்களையும் பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டிகளையும் கண்மாய்க்கரையில் வைத்துப் பிரித்து உண்டோம். குப்பையை மூட்டை கட்டித் திரும்ப எடுத்துச் சென்றார்கள் என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். ஆனாலும் இரண்டு நாள் முன்னதாகச் சொல்லிவைத்திருந்தால் இட்லி அவித்துத் தர ஊரில் ஆளா இல்லை? தலைக்கு 40 ரூபாய் என்று வைத்தாலும் 1,280 ரூபாய் அங்கேயே தங்கியிருக்கும்; வேனும் தேவைப்பட்டிருக்காது.

அரிட்டாபட்டியைத் தேர்ந்தெடுத்தது மிகச் சரி. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட பகுதி இது. அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் என்ற இரண்டு ஊர்களிலுமாக 193.42 ஹெக்டேர் நிலம் அதில் அடங்குகிறது. பாண்டியர் காலத்துக் குடைவரைக் கோயிலும், தமிழி (தமிழ் பிராமி) எழுத்துப் பொறித்த சமணர் குகைத்தளமும், வல்லூறுகள் கூடுகட்டும் பாறை முகடுகளும் இங்கே உண்டு. இந்தப் பகுதியில் வரவிருந்த டங்ஸ்டன் சுரங்கத்தை எதிர்த்து 2025 ஜனவரியில் மேலூர் வட்டார மக்கள் மதுரையை நோக்கித் திரண்டு சென்றது நாங்கள் சைக்கிளில் வந்த அதே நெடுஞ்சாலையில்தான். அந்த மாத இறுதிக்குள் மத்திய அரசு அந்தச் சுரங்கத்துக்கான ஏலத்தை ரத்து செய்தது. இவ்வளவு பேசுவதற்கு இருந்தும், உணவுக்குப் பின் எங்களுக்குக் கிடைத்தது இருபது நிமிடம். குடைவரைக்கு முன் குழுப்படம் எடுத்து முடிப்பதற்குள் விசில் ஊதிவிட்டார்கள். ஊர்க்காரர் எவரையும் பேச அழைக்கவில்லை. திரும்பும் வழியில் பெரும்பாலானோர் பேசிக்கொண்டது சராசரி வேகத்தைப் பற்றித்தான்.

வந்தவர்களில் பெண்கள் நான்கு பேர் மட்டுமே என்பது இன்னொரு குறை. புதுக்கோட்டையில் 1991 வாக்கில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்து, கிராமத்துப் பெண்களை ஆயிரக்கணக்கில் சாலைக்குக் கொண்டுவந்தது. தண்ணீர் எடுக்கவும் விளைபொருளை விற்கவும் பேருந்துக்குக் காத்திராமல் அவர்கள் போகத் தொடங்கினார்கள். கூட்டமாகச் சைக்கிள் ஓட்டுவதால் ஊருக்கு என்ன நடக்கும் என்பதற்கு நமக்கு வெளிநாட்டு உதாரணமே வேண்டியதில்லை.

பாதுகாப்புக்கும் நேரந்தவறாமைக்கும் ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். ஊருக்குப் பயன் என்ற அந்த வரிக்கு ஒன்றரை. குறைகளைக் குழுவினரிடம் நேரிலேயே சொன்னேன். பம்பு விஷயத்தை உடனே குறித்துக்கொண்டார்கள், இட்லி விஷயத்துக்குச் சிரித்தார்கள். கியர் இல்லாத சைக்கிளில் வருபவர்கள் வேகத்தைப் பற்றி முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. பத்து மணிக்கு மேல் திரும்பும் வழியில் வெயில் கடுமை. அந்தப் பையன் அடுத்த பயணத்துக்கும் பெயர் கொடுத்துவிட்டான். நானும் கொடுத்திருக்கிறேன், அவனுடைய சக்கரத்துக்குச் சேரும் டியூப் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு.