லினக்ஸ் மடிக்கணினியும் இரண்டு திரைகளும்: ஆறு ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

என் மடிக்கணினியின் திரை 15.6 அங்குலம், 3840 × 2160 பிக்சல். அதனுடன் முதலில் இணைத்திருந்த மானிட்டர் 24 அங்குலம், 1920 × 1080 பிக்சல். அங்குலத்துக்கு முன்னதில் ஏறத்தாழ 282 பிக்சல்களும் பின்னதில் 92 பிக்சல்களும் இருந்ததால், ஒரு திரையில் படிக்க ஏற்ற அளவில் இருந்த எழுத்து மற்றதில் மூன்று மடங்கு பெரிதாகவோ சிறிதாகவோ தெரிந்தது. லினக்ஸில் நான் செய்த திரை அமைப்பு மாற்றங்களில் பெரும்பகுதி இந்த வேறுபாட்டைச் சரிசெய்வதற்காகவே.

முதல் மூன்று ஆண்டுகள், லினக்ஸில் திரைக்காட்சியைக் கையாளும் பழைய அமைப்பான எக்ஸ்11 பயன்படுத்தினேன். நடைமுறையில் அது இரண்டு திரைகளையும் ஒரே பரப்பாகக் கருதி, அதற்கு ஒரே டிபிஐ (அங்குலத்துக்கான புள்ளிகள்) மதிப்பையே தருகிறது. ஆகவே எல்லாவற்றையும் இரு மடங்கு பெரிதாக்கிவிட்டு, திரை அமைப்பை மாற்றும் எக்ஸ்ரேண்டர் (xrandr) கட்டளையின் ஸ்கேல் தெரிவால் மானிட்டரின் படத்தை மட்டும் சுருக்கினேன். அளவு பொருந்தியது, ஆனால் எழுத்துகளின் விளிம்பு மங்கியது. நாள் முழுவதும் படித்து எழுதும் எனக்கு இது சிறிய குறையன்று. மேலும், எக்ஸ்ரேண்டரில் இட்ட அமைப்பு வெளியேறி மீண்டும் நுழைந்தால் நிற்பதில்லை என்பதால் அதை, உள்நுழையும்போது தானே ஓடும் எக்ஸ்புரொஃபைல் கோப்பில் எழுதி வைத்தேன். அப்போதும் கேபிளைக் கழற்றி மாட்டினால் திரைகளின் அடுக்கு கலைந்துவிடும்.

எக்ஸ்11க்கு மாற்றாக 2008இல் தொடங்கப்பட்ட வேலேண்டுக்கு நான் தாமதமாகவே மாறினேன், அந்தத் தாமதம் இப்போது வருத்தம் தருகிறது. அதில் ஒவ்வொரு திரைக்கும் தனி அளவு வைக்கலாம். ஒன்றே கால், ஒன்றரை போன்ற பின்ன அளவுகளைச் செயலிகளுக்கே நேரடியாகத் தெரிவிக்கும் நெறிமுறை 2022இல் வந்தபின், அதை ஏற்கும் செயலிகளில் மங்கல் அறவே இல்லை. தற்போது மடிக்கணினித் திரைக்கு 250 விழுக்காடும், பின்னர் வாங்கிய 27 அங்குல 4கே மானிட்டருக்கு 150 விழுக்காடும் வைத்திருக்கிறேன். எக்ஸ்11க்காக எழுதப்பட்டு, எக்ஸ்வேலேண்ட் என்ற இடைப்பாலம் வழியாக வேலேண்டில் ஓடும் பழைய செயலிகள் மட்டும் இன்னும் மங்கலாகத் தெரியக்கூடும். கேடிஈ பிளாஸ்மா என்ற பணிமேடையில் அவற்றைத் தாமே பெரிதாக்கிக்கொள்ள விடும் தெரிவு இருப்பதால் பெரும்பாலானவை தெளிந்துவிட்டன. எக்ஸ்11 பழக்கத்தில் வேலேண்டிலும் எக்ஸ்ரேண்டர் கட்டளையை இட்டு, எதுவும் மாறவில்லையே என்று நான் குழம்பியதுண்டு. அங்கே அக்கட்டளை எக்ஸ்வேலேண்டின் பார்வையை மட்டுமே காட்டும். மாற்றத்தைப் பணிமேடையின் திரை அமைப்பில்தான் செய்ய வேண்டும்.

புதிய மானிட்டரை இணைத்த அன்று சுட்டி தயங்கித் தயங்கி நகர்ந்தது. டிரைவரைச் சந்தேகித்து இரண்டு மாலைகளைச் செலவிட்ட பிறகே, அமைப்புப் பட்டியலில் 4கே அளவுக்கு 30 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 30 முறை படம் புதுப்பித்தல்) மட்டும் இருப்பதைக் கவனித்தேன். மடிக்கணினியில் இருந்தது எச்டிஎம்ஐ 1.4 இணைப்பு, 4கே படத்தை அதனால் அதற்கு மேல் அனுப்ப முடியாது. யூஎஸ்பி-சி துளையிலிருந்து டிஸ்பிளேபோர்ட் கேபிளை மாட்டியதும் 60 ஹெர்ட்ஸ் கிடைத்தது. திரை தயங்கினால் எந்தக் கோப்பையும் தொடுவதற்கு முன் அந்தப் பட்டியலைப் பாருங்கள்.

டிரைவரைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். இந்தக் கணினியில் சிபியுவுடன் இணைந்த கிராபிக்ஸ் ஒன்றும் தனி கிராபிக்ஸ் அட்டை ஒன்றும் உள்ளன. முன்னதன் டிரைவர் லினக்ஸின் மையப் பகுதியான கர்னலிலேயே இருப்பதால் ஆறு ஆண்டுகளில் அதற்காக நான் எதையும் நிறுவியதில்லை. தனி அட்டையின் மூடிய டிரைவரோ கர்னலுக்கு வெளியே இருப்பது; ஒவ்வொரு கர்னல் புதுப்பிப்பின்போதும் டிகேஎம்எஸ் என்ற கருவி அதை மீண்டும் தொகுக்க வேண்டும். ஒருமுறை, அதைத் தொகுக்கத் தேவையான கர்னல் ஹெட்டர் தொகுப்பு நிறுவப்படாமல் புதிய கர்னல் மட்டும் வந்துவிட்டதால், டிரைவர் தொகுக்கப்படாமல் போய், கணினி கறுப்புத் திரையில் நின்றது. கணினி தொடங்கும்போது வரும் கிரப் பட்டியலில் முந்தைய கர்னலைத் தேர்ந்து உள்ளே நுழைந்து, ஹெட்டரை நிறுவியதும் சரியாயிற்று. பழைய கர்னல் இல்லாதவர்கள் கர்னலின் தொடக்க வரியில் நோமோட்செட் (nomodeset) என்று சேர்த்தால் எளிய திரையாவது பெரும்பாலும் கிடைக்கும். செக்யூர் பூட் என்ற தொடக்கப் பாதுகாப்பு இயங்கும் கணினியில், கையொப்பம் பதிவாகாத டிரைவரைக் கர்னல் ஏற்காது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். தொகுப்பு வெற்றி என்று வந்தும் அட்டை வேலை செய்யாததற்கு என் கணினியில் ஒருமுறை அதுவே காரணமாக இருந்தது.

இப்போது அன்றாட வேலை முழுவதும் இணைந்த கிராபிக்ஸில் நடக்கிறது. முப்பரிமாண வேலைக்குரிய செயலிகளை மட்டும் இரண்டு கிராபிக்ஸையும் பகிர்ந்து பயன்படுத்த உதவும் பிரைம் வசதியால் தனி அட்டையில் ஓட்டுகிறேன். மின்கலம் கூடுதல் நேரம் நிற்கிறது, விசிறி ஓசையும் குறைந்துள்ளது. தனி அட்டையை முற்றிலும் அணைக்க எண்ணுவோர், வெளித்திரைக்கான துளை அதனுடன் நேரடியாக இணைக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். சில மடிக்கணினிகளில் அப்படித்தான் உள்ளது. அட்டையை அணைத்தால் மானிட்டரும் போய்விடும்.

இரவு நேர வண்ண மாற்றம் பணிமேடையிலேயே இருக்கிறது, நன்றாகவும் செயல்படுகிறது. மானிட்டரின் ஒளியளவை டிடிசியூட்டில் என்ற கருவியைக் கொண்டு விசைப்பலகையிலிருந்தே மாற்றுகிறேன். தீராமல் நிற்பது ஒன்றுதான்: உறக்கத்திலிருந்து கணினி விழிக்கும்போது மானிட்டர் சற்றுத் தாமதமாக எழுந்தால், அதில் திறந்திருந்த சாளரங்கள் அனைத்தும் மடிக்கணினித் திரைக்கு வந்துவிடுகின்றன. அவற்றை இன்றும் கையால்தான் நகர்த்துகிறேன்.