காட்டுப் பயணக் காற்சட்டை: புறக்கோட்டைக் கடையொன்றின் தெரிவுகள்

கொழும்பு புறக்கோட்டையில் மலையேற்ற உடைகள் விற்கும் சிறு கடையொன்றில் வாங்கிய மெல்லிய நைலோன் காற்சட்டையை, தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் சிங்கராஜ வனத்திற்குச் செல்வோருக்குத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். பருத்தித் துணி நீரை உறிஞ்சிக் கனத்து நடையைத் தளர்த்துமிடத்தில், இது விரைவில் உலர்ந்து உடலோடு ஒட்டாமல் இருக்கிறது. கணுக்காலில் இறுக்கும் நாடா இருந்தாலும் இரத்தம் உறிஞ்சும் அட்டைகளைத் தடுக்க அது போதாது. முழங்கால்வரை நீளும் அட்டைக் காலுறை அவசியம். யால தேசியப் பூங்காவின் வறண்ட வெயிலுக்கும் இதுவே பொருந்தும். ஆயினும், 2,000 மீற்றருக்கு மேல் உயர்ந்த ஹோட்டன் சமவெளியில், சனவரி விடியலில் புல்லின்மேல் உறைபனி படியக்கூடிய குளிருக்கு இத்துணி ஈடுகொடுக்காது. அங்கே உள்ளே அணிய வெப்பந்தாங்கும் காற்சட்டையொன்றையும் சேர்த்து வாங்குவதே நல்லது. ஆகவே இடுப்பளவைச் சற்றுத் தளர்வாகத் தெரிவுசெய்யுங்கள். வாங்குமுன் குந்தியிருந்து முழங்கால் மடிப்பைச் சோதிக்கக் கடைக்காரரே வற்புறுத்துவது மெச்சத்தக்கது.