யுசிஎஸ்சி ஜீனோம் பிரவுசர்: நூறு வரிசையும் போதவில்லை

ஓர் உயிரின் மொத்த டிஎன்ஏவை, அதாவது ஜீனோமை, எழுத்து எழுத்தாகப் பார்க்க உதவும் இணையதளம் இது. காசும் கிடையாது, கணக்குத் தொடங்கச் சொல்லித் தொல்லையும் கிடையாது. மனித ஜீனோமின் முதல் வரைவை 2000-இல் இணையத்தில் போட்ட கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான்டா குரூஸ் (யுசிஎஸ்சி) குழுதான் இன்றும் நடத்துகிறது. முதல் பக்கம் மட்டும் தலை சுற்றும், அவ்வளவு பட்டைகள், ஒவ்வொன்றிலும் ஒரு வகைத் தகவல். எல்லாவற்றையும் மறைத்துவிட்டு எது மாறாமல் நிற்கிறது என்று காட்டும் ‘கன்சர்வேஷன்’ பட்டையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அந்தப் பட்டையில் மனித டிஎன்ஏவோடு இன்னும் 99 முதுகெலும்பிகளின் டிஎன்ஏவை எழுத்துக்கு எழுத்து நேராக அடுக்கி வைத்திருக்கிறார்கள். எல்எம்பிஆர்1 மரபணுவுக்குள் இசட்ஆர்எஸ் என்று சுமார் 800 எழுத்து நீளத் துண்டு ஒன்று இருக்கிறது. புரதம் எதையும் உருவாக்காது, ஆனால் பத்து லட்சம் எழுத்து தள்ளி இருக்கும் சோனிக் ஹெட்ஜ்ஹாக் மரபணுவைக் கை கால் முளைக்கும் இடத்தில் முடுக்கிவிடுவது இதுதான், இதில் ஓர் எழுத்து பிசகினாலே கூடுதல் விரல் முளைக்கலாம். அங்கே போய்ப் பார்த்தால் மனிதனிலிருந்து மீன் வரை பெரும்பாலும் அப்படியே நிற்கிறது. எலியை மட்டும் பக்கத்தில் வைத்தால் இது தெரியாது, மாறுவதற்குக் காலம் போதாமல் தப்பிய எழுத்துகளும் ஒன்றாகவே இருக்கும். வரிசை கூடக்கூடத்தான் தற்செயல் கழிந்துபோகும். ஜூனோமியா திட்டம் 240 பாலூட்டிகளை ஒப்பிட்டு, மனித ஜீனோமில் குறைந்தது 10.7 சதவீதம் மாறாமல் காக்கப்படுகிறது என்று 2023-இல் சொன்னது; புரதம் உருவாக்கும் பகுதியோ ஒன்றரை சதவீதம்தான். அந்த ஒப்பீடும் இங்கேயே தனிப் பட்டையாகக் கிடைக்கிறது.

சரி, குறைக்கு வருவோம். நூறில் 62 பாலூட்டி, 14 பறவை, ஆனால் பல்லி ஒன்று, தவளை ஒன்று, பாம்பு ஒன்றுகூட இல்லை! இசட்ஆர்எஸ் சிதைந்து கிடப்பது பாம்புகளில்தான். மலைப்பாம்பின் துண்டை எலிக்குள் வைத்தபோது கால்கள் குட்டையாக நின்றுபோனதை 2016-இல் காட்டினார்கள். கையும் காலும் போன விலங்கில் அந்தத் துண்டும் சிதைந்திருக்கிறது என்பதைவிட நல்ல சாட்சி வேறென்ன வேண்டும், அதற்கு இங்கே இடமில்லை. ஜூனோமியா பட்டையும் பாலூட்டியோடு சரி.

புதிதாக வருபவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஒரு வரிசையில் வெளிர் மஞ்சள் தெரிந்தால் அந்த விலங்கிடம் அந்தத் துண்டு இல்லை என்று எழுதிவிடாதீர்கள், அதன் டிஎன்ஏவைப் படித்தபோது விடுபட்ட இடம் அது. ஒற்றைக் கோடு என்றால்தான் எழுத்தே இல்லை என்று பொருள், அரைகுறையாகக் கோத்த பழைய ஜீனோம்களில் அதையும் முழுசாக நம்ப முடியாது.