வெப்சைட் செய்யக் கொடுப்பவர்கள் கவனத்திற்கு: திரையில் தெரிவதை மட்டும் பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள்

பெங்களூரில் சிறு தொழில் நடத்தும் தமிழ் நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன். அல்சூரில் இருக்கும் என் அக்கா, தன் வீட்டிலிருந்தே பொடி, வடாம், ஊறுகாய் செய்து விற்கிறார். வாட்ஸ்அப்பில் வரும் ஆர்டர்களைச் சமாளிக்க முடியாமல் போனதும், ஆன்லைன் கடை ஒன்று செய்து தரச் சொல்லி எச்எஸ்ஆர் லேஅவுட்டில் இருக்கும் ஓர் ஏஜென்சியிடம் கொடுத்தார். 1,20,000 ரூபாய், பாதி முன்பணம். கொட்டேஷனில் ‘பெஸ்ட் ப்ராக்டிசஸ்படி கோடிங்’ என்று ஒரு வரி இருந்தது. அந்த வரிக்காகவே, குறைவாகக் கேட்ட இன்னொருவரை வேண்டாம் என்றார். நான் ஃப்ரண்ட்எண்ட் டெவலப்பர், அதாவது சைட்டில் பிரௌசரில் ஓடும் பகுதியைச் செய்பவன். நடுவில் சோர்ஸ் கோட் பார்க்கலாமா என்று கேட்டேன். “வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் மொத்தமாகத் தருகிறோம் சார்” என்று தட்டிக் கழித்தார்கள்.

சைட் பார்க்க அழகாகவே இருந்தது. மீதிப் பணமும் போய்ச் சேர்ந்தது. தீபாவளி நேரத்தில் பேங்க் கணக்கு இடித்தது. 1,850 ரூபாய் காம்போ பெட்டிக்கு ‘பணம் வந்துவிட்டது’ என்று சைட் காட்டியிருக்கிறது, அக்காவும் கூரியரில் அனுப்பியிருக்கிறார். கணக்கில் வந்தது 1 ரூபாய். ஒரு ஆர்டர் இல்லை, பல ஆர்டர்கள் இப்படி.

காரணம் இதுதான். பொருளின் விலையையும் மொத்தத் தொகையையும் பிரௌசரில் கணக்குப் போட்டு, அந்தத் தொகையை அப்படியே சர்வருக்கு அனுப்பியிருந்தார்கள். சர்வர் அதைச் சரிபார்க்காமல், ஆன்லைனில் பணம் வசூலித்துத் தரும் பேமென்ட் கேட்வேயிடம் கொடுத்துவிட்டது. பிரௌசரில் இருக்கும் எதையும் வாடிக்கையாளர் மாற்ற முடியும். ரைட் கிளிக் செய்து இன்ஸ்பெக்ட் போகத் தெரிந்த கல்லூரிப் பையன் போதும். எந்தப் பொருள், எத்தனை என்பதை மட்டும்தான் பிரௌசர் சொல்ல வேண்டும். விலையைச் சர்வர் தன் டேட்டாபேஸிலிருந்து எடுக்க வேண்டும். இது இந்தத் தொழிலில் முதல் பாடம்.

அடுத்ததைப் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது. கேட்வே நம் கணக்குக்கு இரண்டு கீ தரும், பாஸ்வேர்ட் மாதிரியான குறியீடுகள். ஒன்று எல்லோருக்கும் தெரியலாம். இன்னொன்று சீக்ரெட், அது சர்வரை விட்டு வெளியே வரவே கூடாது. பணம் வந்ததா என்று சரிபார்க்கும் வேலையையும் இவர்கள் பிரௌசரிலேயே செய்திருந்ததால், சீக்ரெட்டும் ஜாவாஸ்கிரிப்ட் ஃபைலுக்குள் உட்கார்ந்திருந்தது. போன் போட்டுக் கேட்டேன். “என்வ் ஃபைலில் பத்திரமாகத்தான் வைத்திருக்கிறோம்” என்றார்கள். இப்படிப்பட்ட மதிப்புகளைக் கோடுக்கு வெளியே தனியாக வைக்கும் ஃபைல் அது. ஆனால் ஃப்ரண்ட்எண்ட் ப்ராஜெக்டில் அதிலிருந்து கோடுக்குள் இழுக்கும் மதிப்பு, பில்ட் செய்யும்போது, அதாவது சைட்டில் ஏற்றும் ஃபைல்களை உருவாக்கும்போது, ஜாவாஸ்கிரிப்ட் ஃபைலுக்குள் எழுதப்பட்டுவிடும். சைட்டைத் திறக்கும் ஒவ்வொருவரின் போனுக்கும் அது இறங்கும். அந்தக் கீ கையில் இருந்தால் வாடிக்கையாளர்களின் போன் நம்பர், இமெயில் எல்லாவற்றையும் எடுக்கலாம், ரீஃபண்ட் கூடப் போடலாம். நம்மை நம்பி நம்பர் கொடுத்தவர்களின் விவரம் அது. பணம் போனதைவிட எனக்கு இதுதான் பொறுக்கவில்லை.

தமிழை அவர்கள் நடத்திய விதத்தையும் சொல்ல வேண்டும். அக்காவின் லேபிள்களை டிடிபி சென்டரில் பாமினி எழுத்துருவில் அடித்திருந்தார்கள். அதை, எல்லாக் கருவிகளும் தமிழாகவே புரிந்துகொள்ளும் பொதுக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றாமல் அப்படியே ஒட்டி, எழுத்துருவைச் சைட்டில் ஏற்றிவிட்டார்கள். பாமினியில் தமிழ் எழுத்து வடிவங்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் இருக்கும். எழுத்துரு இறங்காத போனில் ‘பருப்புப் பொடி’ என்பது அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். கூகுளுக்குத் தெரிவதும் அந்தக் குவியல்தான். தமிழில் தேடி வருபவர்களுக்காகக் கட்டிய கடை, தமிழில் தேடினால் கிடைக்கவே இல்லை. தமிழ்ப் பக்கத்தின் மொழி இன்னது என்று பக்கத்தின் எச்டிஎம்எல் கோடில் சொல்லவும் இல்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ‘ஆர்டர் செய்’ என்பது பட்டனே இல்லை, வெறும் டிவ், அதாவது பொதுவான ஒரு பெட்டி. பார்வையற்ற ஒரு வாடிக்கையாளர், திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் டாக்பேக் வைத்துத்தான் போனைப் பயன்படுத்துகிறார். அது பட்டன் என்று அவருக்குச் சொல்லப்படவே இல்லை. வெளிர் சாம்பல் எழுத்து வெள்ளைப் பின்னணியில். எல்லோரும் பயன்படுத்தும்படி சைட் இருக்க வேண்டும் என்பதற்கான டபிள்யூசிஏஜி தரப்படி சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் வெளிச்ச வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 என்ற விகிதத்தில் வேண்டும். படங்கள் போனில் எடுத்தபடியே, ஒவ்வொன்றும் 5, 6 எம்பி. பக்கத்தின் முக்கியமான பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும் என்று கூகுள் சொல்கிறது. இங்கே அந்த நேரம் தாண்டியும் வெள்ளைத் திரைதான்.

சரி, நானே திருத்திவிடலாம் என்று உட்கார்ந்தால், தந்தது ஒரு ஜிப் ஃபைல். கோடில் செய்யும் மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட் கருவியின் வரலாறு கிடையாது, யார் எப்போது எதை மாற்றினார்கள் என்று தெரியாது. லாக் ஃபைலும் இல்லை. எந்த லைப்ரரியின் (பிறர் எழுதிய ஆயத்தக் கோடின்) எந்தப் பதிப்பில் சைட் ஓடியது என்பதற்கு அதுதான் சாட்சி. அது இல்லாமல் இன்ஸ்டால் செய்தால் புதுப் பதிப்புகள் வந்து இறங்கும். என் மெஷினில் பில்ட் ஆகவே இல்லை. கோடில் தவறு கண்டுபிடிக்கும் ஈஎஸ்லிண்ட், கோடை ஒழுங்காக அடுக்கும் ப்ரிட்டியர் போன்ற இலவசக் கருவிகளைக்கூட அவர்கள் தொட்டதாகத் தெரியவில்லை. அப்புறம், டொமைன், அதாவது சைட்டின் முகவரி, ஏஜென்சியின் பெயரில் இருந்தது. அக்காவின் பெயருக்கு மாற்றவும், ‘பாதுகாப்பு அப்டேட்’ செய்யவும் இன்னும் 35,000 ரூபாய் கேட்டார்கள். அவர்கள் வைத்த ஓட்டையை அடைக்க நாம் பணம் தர வேண்டுமாம். இதை நான் ஏமாற்று என்றுதான் சொல்வேன்.

ஆகவே, கொட்டேஷனில் ‘பெஸ்ட் ப்ராக்டிசஸ்’ என்று மட்டும் எழுதியிருந்தால் ஏற்காதீர்கள். கோடும் அதன் வரலாறும் இருக்கும் கிட் ரெப்போ முதல் நாளிலிருந்தே உங்கள் பெயரில், டொமைனும் ஹோஸ்டிங்கும் உங்கள் இமெயிலில், விலைக் கணக்கு சர்வரில், சீக்ரெட் எதுவும் ஃப்ரண்ட்எண்டில் இல்லை, தமிழ் முழுக்க யூனிகோடில், சைட்டின் வேகத்தையும் தரத்தையும் சோதிக்கும் கூகுளின் லைட்ஹவுஸ் அறிக்கை காட்டிய பிறகே கடைசித் தவணை என்று ஒவ்வொன்றாக எழுதி வாங்குங்கள். கோடின் உரிமையையும் சேர்த்து எழுதுங்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதிக் கையெழுத்திட்டால்தான் உரிமை மாற்றம் செல்லும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றே கொள்ளப்படும். பணம் கொடுத்துவிட்டதால் மட்டும் கோட் நம்முடையதாகிவிடாது. தெரிந்த டெவலப்பர் யாராவது இருந்தால் பாதி வேலையிலேயே ஒரு மணி நேரம் ரெப்போவைப் பார்க்கச் சொல்லுங்கள். காட்ட மாட்டேன் என்றால் அடுத்த தவணையை நிறுத்துங்கள்.

சைட் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால், கேட்வே உங்கள் பேங்க் கணக்கில் போட்ட தொகையைக் காட்டும் செட்டில்மென்ட் அறிக்கையையும் ஆர்டர் பட்டியலையும் இன்றே ஒப்பிட்டுப் பாருங்கள். சந்தேகம் வந்தால் கேட்வே டாஷ்போர்டில் கீயைப் புதிதாக உருவாக்கிப் பழையதை ரத்து செய்யுங்கள். சைட் ஓரிரு நாள் நின்றாலும் பரவாயில்லை. ஏஜென்சியின் லாகினையும் அப்போதே நீக்கிவிடுங்கள்.