ஹாரி பால்மர் கண்ணாடியும் மதுரை வெயிலும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையைப் பற்றியும் அங்கே நான் செய்துகொண்ட தடித்த கறுப்பு பிரேமைப் பற்றியும்தான். நடுநடுவே மைக்கேல் கேன் என்கிற இங்கிலீஷ் நடிகர் வந்து போவார். அவர் இல்லாவிட்டால் நான் அந்தக் கடைப் படியே ஏறியிருக்க மாட்டேன், வழக்கம்போல ஒரு கம்பி பிரேமை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பேன். கடை டவுன்ஹால் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் இருக்கிறது. பெயர் போடவில்லை, ஏனென்றால் குறையும் எழுதப் போகிறேன், கடைக்காரர் பாய் நல்ல மனிதர், அவர் பிழைப்பில் கை வைக்க மனசு வரவில்லை.

எனக்கு 47 வயது. இரண்டு கண்ணிலும் கிட்டப்பார்வை, வலது 4.5, இடது 4.75, எல்லாம் மைனஸ். போன வருஷத்திலிருந்து வெள்ளெழுத்தும் சேர்ந்துகொண்டது. பஸ் டிக்கெட்டைப் படிக்கக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மூக்குக்குப் பக்கத்தில் காகிதத்தைக் கொண்டுபோக வேண்டியிருந்தது, பக்கத்து சீட்டுக்காரர் நான் டிக்கெட்டை மோந்து பார்ப்பதாக நினைத்திருப்பார். அரவிந்தில் போய்ப் பவர் எழுதி வாங்கினேன். கண் விஷயத்தில் மதுரைக்காரன் கொடுத்துவைத்தவன்தான். 1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி ஓய்வு பெற்ற பிறகு 11 படுக்கையோடு ஆரம்பித்த ஆஸ்பத்திரி இன்று எங்கே நிற்கிறது என்று ஊருக்கே தெரியும். சீட்டில் ப்ரோக்ரெஸிவ் என்று எழுதிக் கொடுத்தார்கள், அதாவது ஒரே லென்ஸில் மேலே தூரம், நடுவே கம்ப்யூட்டர், கீழே எழுத்து.

சீட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் சும்மா இருந்தேன். அந்த வாரத்தில் ஒரு ராத்திரி 1965இல் வந்த தி இப்கிரஸ் ஃபைல் படத்தைப் பார்த்தேன். தொடக்கத்திலேயே ஒருவன் தூங்கி எழுகிறான். எல்லாம் மங்கலாகத் தெரிகிறது, கை கண்ணாடியைத் தேடுகிறது, மாட்டியதும் உலகம் தெளிகிறது. அப்புறம் காப்பிக்கொட்டையை அரைத்துத் தனக்குக் காப்பி போட்டுக்கொள்கிறான். அவன்தான் நாயகன், பிரிட்டிஷ் உளவாளி ஹாரி பால்மர், நடித்தவர் மைக்கேல் கேன். முப்பது வருஷமாகத் தினமும் காலையில் நான் செய்கிற முதல் வேலையை ஒரு படம் தன் முதல் காட்சியாக வைத்திருக்கிறது என்றால் நான் என்ன செய்வது, அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

நம் படங்களில் கண்ணாடி போட்டவன் என்றால் பெரும்பாலும் வாத்தியார், குமாஸ்தா, இல்லையென்றால் இரட்டை வேடத்தில் அடி வாங்குகிற அப்பாவி. அவன் கண்ணாடியைக் கழற்றினால்தான் நாயகன் ஆவான். பால்மர் கண்ணாடியோடேயே நாயகன். சூப்பர்மார்க்கெட்டில் தள்ளுவண்டி தள்ளுகிறான், காளான் டப்பா வாங்குகிறான், சமைக்கிறான். இத்தனைக்கும் இந்தப் படத்தை எடுத்த ஹாரி சால்ட்ஸ்மன்தான் ஜேம்ஸ் பாண்ட் படங்களின் தயாரிப்பாளர்களில் ஒருவர். அங்கே ஷான் கானரிக்குக் கோட்டும் காரும் கொடுத்துவிட்டு இங்கே மைக்கேல் கேனுக்குக் கண்ணாடியும் தோசைக்கரண்டியும் கொடுத்திருக்கிறார். ஒரு கையால் முட்டை உடைக்கிற காட்சியில் தெரிவது கேன் கை இல்லை, மூலக்கதை எழுதிய லென் டெய்ட்டன் கை. அந்த எழுத்தாளர் நல்ல சமையல்காரர், கேனுக்கு முட்டை உடைக்க வரவில்லை. நாயகனின் பெயர் வந்த கதையும் வேடிக்கையானது. நாவலில் அவனுக்குப் பெயரே கிடையாது. சப்பென்று ஒரு பெயர் வேண்டும் என்று தயாரிப்பாளர் கேட்க, ஹாரி என்று கேன் வாய் தவறிச் சொல்லிவிட்டார், எதிரே இருந்தவர் பெயரே ஹாரி.

கேனும் நிஜத்தில் கண்ணாடி போடுகிறவர். கானரியைப் பார்க்கிற எல்லாரும் பாண்ட் என்றே கூப்பிட்டதைக் கவனித்திருக்கிறார். பால்மர் தொடர் ஓடினால் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வேறு ஆளாக நடிக்கலாம் என்று கணக்குப் போட்டதாகச் சொல்லியிருக்கிறார். கணக்கு பலித்தது, மறு வருஷமே ஆல்ஃபி என்கிற படம் வந்தது, அதில் கண்ணாடி இல்லை, ஆஸ்கர் பரிந்துரை மட்டும் இருந்தது.

சரி, கடைக்கு வருகிறேன். படத்தில் வந்த கண்ணாடி லண்டன் கடை ஒன்றின் சரக்கு, பெயர் கரி அண்ட் பாக்ஸ்டன். இதைப் பாயிடம் சொன்னதும் கடைப் பையன் "கறியா, நம்ம கோனார் கடை மாதிரியா?" என்றான். போனில் 1965ஆம் வருஷப் படத்தைக் காட்டினேன். பாய் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார். பையன் எட்டிப் பார்த்து, "அண்ணே, இது பேட்மேன்ல வர்ற தாத்தால்ல?" என்றான். அவன் பார்த்திருந்ததெல்லாம் தமிழில் பேசுகிற ஆல்ஃபிரட், ஆனாலும் முப்பது வயது முகத்தில் எழுபது வயது முகத்தைக் கண்டுபிடித்துவிட்டான். பாய்க்கு அந்தப் பெயரெல்லாம் தெரியாது, "ரீகல்ல இங்கிலீஷ் படம் பாத்திருக்கேன் தம்பி, ஆளுங்க பேரு யாரு கேட்டா" என்றார். விக்டோரியா எட்வர்டு மன்றத்தில் ஓடிய ரீகல் தியேட்டர்தான் அந்தக் காலத்து மதுரையில் இங்கிலீஷ் படம் பார்க்கிறவர்களுக்குப் போக்கிடம். என் அப்பாவும் அங்கே கெட்டுப்போனவர்தான்.

பாய் கடையில் எனக்குப் பிடித்தது, விலையைச் சொல்வதற்கு முன்னால் தொழிலைச் சொல்கிறார். நான் பெரிய பிரேமாக ஒன்றை எடுத்தேன். அவர் அதைப் பிடுங்காத குறையாக வாங்கி வைத்துவிட்டு, மைனஸ் லென்ஸ் நடுவில் மெலிசு, ஓரத்துக்குப் போகப் போகத் தடிமன், அதனால் பிரேம் பெரிதானால் ஓரம் சோடா பாட்டில் அடிபோல ஆகும், சின்னதாக எடுங்கள், கறுப்புப் பட்டை அகலமாக இருந்தால் மிச்சத் தடிமனையும் மறைத்துவிடும் என்றார். கண்ணாடியின் கைக்கு உட்புறம் 48, 20, 145 என்று அச்சடித்திருக்கும் எண்களை நான் இத்தனை வருஷம் விலைக் குறியீடு என்று நினைத்திருந்தேன். முதல் எண் லென்ஸின் அகலம், அடுத்தது மூக்குக்கு மேலே உள்ள இடைவெளி, மூன்றாவது கையின் நீளம், எல்லாம் மில்லிமீட்டர். எனக்கு 48தான் சரி. அப்புறம் அசிடேட்டுக்கும் வார்ப்பு பிளாஸ்டிக்குக்கும் வித்தியாசம் காட்டினார். அசிடேட் பலகையிலிருந்து அறுத்து எடுப்பது, சூடு காட்டினால் வளையும், காதுக்குத் தக்கபடி உட்காரவைக்கலாம். மலிவு பிளாஸ்டிக்கை அப்படி வளைத்தால் படக்கென்று போகும்.

காதைப் பற்றிப் பேசும்போது கேனின் காது ஞாபகம் வந்தது. பிறந்தபோது அவருக்குக் காது இரண்டும் வெளியே தள்ளி நின்றதாம், அவருடைய அம்மா பிளாஸ்திரி போட்டு ஒட்டிப் படியவைத்திருக்கிறார். இமை வீங்குகிற ஒரு கண் கோளாறும் பிறவியிலேயே இருந்தது, தூக்கம் சொக்குகிற மாதிரி பாதி மூடிய அந்தப் பார்வை அதனால் வந்தது. போதாததற்கு ரிக்கெட்ஸ், கால் எலும்பு பலமில்லை. 1933இல் லண்டன் ராதர்ஹித்தில் மாரிஸ் மிக்கிள்வைட் என்ற பெயரில் பிறந்த பிள்ளை. அப்பா பில்லிங்ஸ்கேட் மீன் சந்தையில் சுமை தூக்கியவர், அம்மா வீட்டு வேலை செய்தவர். கரிமேட்டு மீன் மார்க்கெட்டில் பெட்டி சுமந்தவர் மகன், காது தள்ளி, கண் சொக்கி, நான் நடிக்கப் போகிறேன் என்று சொன்னால் வீட்டில் என்ன சொல்லியிருப்பார்கள்?

கொரியப் போருக்குப் போய்வந்து, சின்ன நாடகக் குழுக்களில் அலைந்து, 1954இல் லண்டன் லெஸ்டர் சதுக்கத்தில் ஒரு டெலிபோன் பெட்டிக்குள் நின்றுகொண்டு பெயர் மாற்றினார். வைத்திருந்த மேடைப் பெயரில் வேறொரு நடிகர் இருக்கிறார், உடனே வேறு பெயர் சொல் என்று ஏஜென்ட் கேட்க, எதிரே ஓடியன் தியேட்டரில் தி கேன் ம்யூட்டினி என்று பலகை. கேன் என்று சொல்லிவிட்டார். வேறு பக்கம் திரும்பியிருந்தால் என் பெயர் மைக்கேல் நூற்றியோரு டால்மேஷியன் ஆகியிருக்கும் என்று பின்னாளில் சொல்லிச் சிரிப்பார். அந்தப் படம் வந்ததே 1961இல், கணக்கு உதைக்கிறது, ஆனால் இவ்வளவு நல்ல பொய்யை யார் திருத்துவார்கள்?

1964இல் வந்த ஜூலு படத்தில் அவர் கேட்டுப் போனது லண்டன் தெருப் பேச்சு பேசுகிற சிப்பாய் வேஷம். அது வேறொருவருக்குப் போய்விட்டது. டைரக்டர் சை எண்ட்ஃபீல்ட் அமெரிக்கர், அவருக்கு வர்க்கக் கணக்கு தெரியாது, மேட்டுக்குடி உச்சரிப்பு வருமா என்று கேட்டு அதிகாரி வேஷத்தையே கொடுத்துவிட்டார். இங்கிலீஷ்காரன் எவனும் எனக்கு அதைத் தந்திருக்க மாட்டான் என்பது கேனின் வாதம். பால்மருக்கு வந்தபோது சொந்தப் பேச்சைத் திரும்ப எடுத்துக்கொண்டார். பேச்சு வாடையை மறைக்காமலே பெரிய நடிகர் ஆனதைத்தான் நான் அவருடைய பெரிய சாதனை என்று சொல்வேன், சென்னைக்கு இன்டர்வியூ போய் "என்னங்கறீக" என்பதை விழுங்கிய மதுரைக்காரன் யாராக இருந்தாலும் இது புரியும்.

பிரேம் 1,900, லென்ஸ் 6,800, பேசியதில் 300 குறைத்தார். மூன்று நாள் என்றார். ஒன்பது நாள் ஆனது. லேப்பில் தாமதம், ஒரு நாள் மழை, ஒரு நாள் வெள்ளிக்கிழமை. போட்டுப் பார்த்தேன், ஆள் பார்க்க நன்றாகத்தான் இருந்தேன், ஆனால் படிக்க முடியவில்லை. எழுத்து தெரிய வேண்டுமென்றால் கோழி தண்ணீர் குடிக்கிற மாதிரி தாடையைத் தூக்க வேண்டியிருந்தது. இரண்டு நாள் பழகினால் சரியாகும் என்றான் பையன். நாலு நாள் பழகினேன், கழுத்து பிடித்துக்கொண்டது.

திரும்பப் போனபோது பாயே எடுத்துப் பார்த்தார். குற்றம் அளவில். ப்ரோக்ரெஸிவுக்குக் கருவிழிக்கு நேரே பிரேமில் புள்ளி வைக்க வேண்டும், அந்தப் புள்ளியிலிருந்துதான் மற்ற பவர் எல்லாம் கீழே இறங்குகிறது. முதல் தடவை பையன் என் கண்ணுக்கு நேர் மட்டத்தில் இல்லாமல் புள்ளி வைத்திருக்கிறான், மட்டம் மாறியதில் 3 மில்லிமீட்டர் கீழே போய்விட்டது. பாய் ஸ்டூலை இழுத்துப் போட்டு என் கண்ணுக்கு நேர் மட்டத்தில் உட்கார்ந்து மறுபடி வைத்தார். லென்ஸை மாற்றித் தந்தார், காசு கேட்கவில்லை, இன்னும் எட்டு நாள் மட்டும் கேட்டார். வேறு ஒரு பெரிய கடையில் முன்பு இதே மாதிரி ஆனபோது, உங்கள் கண்தான் பழகவில்லை என்று என்னையே குற்றவாளி ஆக்கி அனுப்பினார்கள், அதனால் எனக்கு இது பெரிய விஷயம். ஆனாலும் முதல் அளவை அனுபவம் இல்லாத கையில் விட்டது தப்புதான், அதைப் பாயிடமே சொல்லிவிட்டேன்.

இரண்டாவது லென்ஸ் அற்புதம். ஒன்றுக்கு மட்டும் பழக வேண்டும், ஓரம் மங்கலாக இருக்கும், கண்ணை மட்டும் உருட்டிப் பார்க்கக் கூடாது, எதைப் பார்க்கிறோமோ அந்தப் பக்கம் மூக்கைத் திருப்ப வேண்டும். இங்கேயும் கேன் வந்துவிட்டார். 1987இல் பிபிசிக்காக அவர் நடத்திய நடிப்பு வகுப்பில், க்ளோசப்பில் இமைக்காதே, எதிரே நிற்கிறவரின் இரண்டு கண்ணுக்கும் மாறி மாறித் தாவாதே, கேமராவுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு கண்ணை மட்டும் பார் என்கிறார். ப்ரோக்ரெஸிவ் போட்ட ஒரு மாதத்தில் எனக்கும் தலை திருப்பி நிதானமாகப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. வீட்டம்மா மட்டும், "எதுக்கு இப்படி முறைக்கிறீங்க?" என்கிறார்.

அதே 1987இல்தான் அவருக்கு ஹன்னா அண்ட் ஹெர் சிஸ்டர்ஸ் படத்துக்காக முதல் ஆஸ்கர், வாங்கப் போக முடியவில்லை, ஜாஸ் வரிசையின் நாலாவது படத்தில் மாட்டிக்கொண்டிருந்தார். அந்தப் படத்தைத் தான் பார்த்ததே இல்லை, ஆனால் அதில் வந்த காசில் கட்டிய வீட்டைப் பார்த்திருக்கிறேன், பிரமாதம் என்றவர். இந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். இரண்டாவது ஆஸ்கர் தி சைடர் ஹவுஸ் ரூல்ஸ் படத்துக்கு. 2023இல் தி கிரேட் எஸ்கேப்பர் முடித்துவிட்டு 90 வயதில் ஓய்வு அறிவித்தார்.

வெயிலில் எப்படி என்று கேட்பீர்கள். அசிடேட் பிரேமில் தனி மூக்குத்தாங்கி கிடையாது, சித்திரை மாத மதியத்தில் வியர்வை பட்டதும் வழுக்கி மூக்கு நுனிக்கு வந்து நிற்கும். லண்டன் குளிரில் நடந்த பால்மருக்கு இந்தத் தொல்லை இருந்திருக்காது. 40 ரூபாய்க்கு ஒட்டுகிற சிலிக்கான் தாங்கி வாங்கி ஒட்டினேன், பரவாயில்லை. வியர்வையைத் துடைக்காமல் விட்டால் கறுப்பில் வெள்ளை பூக்கிறது, ராத்திரி சோப்புத் தண்ணீரில் கழுவினால் போகிறது. வண்டி டேங்க் கவரில் மட்டும் வைத்துவிடாதீர்கள், சூட்டில் லென்ஸ் கோட்டிங் பாளம் பாளமாக விரிசல் விடும், பாய் அப்படி ஆன ஒன்றை மாதிரிக்கு என்றே கண்ணாடி அலமாரியில் வைத்திருக்கிறார்.

போகிறவர்கள் பழைய கண்ணாடியையும் எடுத்துப் போங்கள், பவர் ஒத்துப் பார்ப்பார். வெள்ளிக்கிழமை மதியம் கடை இருக்காது. அளவு எடுக்கும்போது பாயையே எடுக்கச் சொல்லுங்கள், பையன் கோபித்துக்கொள்ள மாட்டான், அவன் இப்போது இப்கிரஸ் ஃபைல் எந்த ஆப்பில் கிடைக்கும் என்று என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறான்.